கொட்டி தேடிப் போன கதை: நெல்லைக் குளங்கள்ல ஆறு நாள்

நாள் 1, மானூர்

பொங்கல் முடிஞ்சும் ஊர்லதான் இருக்கேன், லீவு இன்னும் ஒரு வாரம் மிச்சம். வழக்கமா வந்தா ரெண்டு கல்யாண வீடு, ஒரு குற்றாலம், திரும்பிப் போகும்போது அரைக்கிலோ அல்வா, அவ்வளவுதான். இந்தத் தடவ ஒரு பூவைத் தேடப் போறேன். காரணம் அக்கா மக.

திண்ணையில உக்காந்து மூதுரை மனப்பாடம் பண்ணிட்டு இருந்தா. குளம் வத்தினதும் பறவையெல்லாம் பறந்து போயிரும், கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் மட்டும் குளத்தோடயே கெடக்கும், சொந்தம்னா அப்படி இருக்கணும்னு அவ்வையார் சொல்லுவாங்கல்ல, நாமளும் கிளாஸ்ல கோரஸா கத்துனோமே, அந்தப் பாட்டு. முடிச்சுட்டு "சித்தி, ஆம்பல்னா அல்லி, நெய்தல்னா நீல அல்லி, கொட்டின்னா என்ன"ன்னா. நான் முழிச்சேன். அதுக்கு அர்த்தம் எழுதி மார்க் வாங்கினவதான் நானும், "ஒரு நீர்த்தாவரம்"னு எழுதினேன், டீச்சரும் டிக் போட்டாங்க, அந்த நீர்த்தாவரம் பச்சையா செவப்பானு ரெண்டு பேருக்குமே தெரியாது. என் சித்தி மகன், அதான் தம்பி, "தேள் கொட்டுமே அந்தக் கொட்டா எக்கா"ன்னு கேட்டுட்டு அம்மாட்ட வாங்கிக் கட்டிக்கிட்டான்.

உள்ள இருந்து ஆச்சி சத்தம் குடுத்தா. "கொட்டியா? அது திங்குற கெழங்குல்லா. பங்குனி சித்திரையில குளம் வத்தினா கம்பிய எடுத்துக்கிட்டுப் போயி தோண்டிட்டு வருவோம், அவிச்சுத் திம்போம்."

பூ எப்படி ஆச்சி இருக்கும்னு கேட்டேன்.

"கெழங்குக்கு ஏதுளா பூவு?"

அதோட முடிஞ்சுது. ஆச்சிக்கு 82 வயசு, அவ சொல்லிட்டா அப்பீல் கிடையாது. ஆனா கெழங்குக்கு மேல செடின்னு ஒண்ணு இருக்கணும், செடின்னா பூக்கணும். ராத்திரி நெட்டுல பார்த்ததுல செடியோட பேரு அப்போனோகெட்டான் நாட்டன்ஸ்னும், மிதக்குற இலை, தண்ணிக்கு மேல நீட்டிட்டு நிக்கிற பூங்கதிர்னும் தெரிஞ்சுது. சரி கொட்டி, ஆம்பல், நெய்தல் மூணையும் ஒரே குளத்துல பார்த்துட்டுத்தான் ரயில் ஏறுறதுன்னு முடிவு பண்ணியாச்சு.

பெரிய குளமா இருந்தா எல்லாம் இருக்கும்னு நெனச்சு காலையில தம்பி பைக்குல சங்கரன்கோவில் ரோட்டைப் புடிச்சு மானூர் போனோம். மானூர்னதும் வரலாறு படிச்சவங்களுக்கு அந்த பாண்டியர் காலத்துக் கல்வெட்டு ஞாபகம் வரும், ஊர்ச்சபையில யாரு உறுப்பினரா இருக்கலாம்னு தகுதி எல்லாம் எழுதி வச்சது. நாங்க கோயிலுக்குப் போகல, நேரா குளத்துக்கு. சித்தாத்துத் தண்ணி வந்து பெருகி கெடக்கு. கடல் மாதிரி. காத்து வேற, அலை கரையில வந்து சளப்பு சளப்புனு அடிக்குது, நாமக்கோழி கூட்டம் கூட்டமா மிதக்குது, மிதக்குற இலை மட்டும் ஒண்ணையும் காணோம்.

அப்பதான் மறுகால் பக்கம் தூரத்துல ரோஸ் கலர்ல கதிர் கதிரா தெரிஞ்சுது. தண்ணிக்கு மேல நீட்டிட்டு. நெட்டுல படிச்ச மாதிரியே. நான் செருப்பைக்கூட கழட்டாம சகதியில எறங்கி ஒரு செருப்பைக் காவு குடுத்துட்டுக் கிட்ட போனா, இலை அலரி இலை மாதிரி நீளமா கூர்மையா, தண்டு தண்ணிக்கு மேல எழும்பி கணுக்கணுவா வீங்கி நிக்குது, கணுவுக்குக் கணு ஒரு உறை. ஆற்றலரி. எல்லாக் கால்வாய் ஓரத்துலயும் நிக்கிறதுதான். தம்பி கரையில நின்னு "எக்கா கெடைச்சுட்டா"ன்னு கேட்டான், நான் பதில் சொல்லல.

சும்மா திரும்பல ஆனா. வயலோரம் ஒரு பள்ளத்துல வெள்ளை ஆம்பல் பத்துப் பதினஞ்சு. மணி ஒம்பதரை, பூவெல்லாம் மூடிட்டே வருது. ஆம்பல் ராத்திரிப் பூ, சாயங்காலம் விரிஞ்சு மறுநாள் வெயில் ஏறினா மூடிக்கும். இலை ஓரம் ரம்பம் மாதிரி பல்லு பல்லா இருக்கும், திருப்பித் தடவினா அடியில மெத்துனு முடி. நெய்தலுக்கு அந்த முடி கிடையாது, பூவும் பகல்லதான் விரியும். இது ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டா பூ இல்லாத நேரத்துலகூட இலையைத் திருப்பிப் பார்த்தே சொல்லிரலாம்.

மூணுல ஒண்ணு ஆச்சு. செருப்பு 350 ரூபா.

நாள் 2, டவுன்

இன்னைக்கு சுருக்கமா. அம்மாவுக்கு நயினார்குளம் மார்க்கெட்ல காய் வாங்கணும்னு போனேன், அப்படியே குளத்தையும் ஒரு பார்வை. குளம் எங்க இருக்கு, அமலைச்செடிதான் இருக்கு. வெளியூர்க்காரங்க ஆகாயத்தாமரைம்பாங்க, ஆனா உண்மையான ஆகாயத்தாமரை வேற, அது பச்சை ரோஜா மாதிரி மிதக்கும். இது தென்னமெரிக்காவுல இருந்து வந்தது, நீலமா பூத்து பார்க்க என்னமோ அழகாத்தான் இருக்கு, ஒரு காலேஜ் பிள்ளை அது முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துட்டு இருந்துச்சு. அதுக்கு அடியில வெளிச்சம் போகாது. வெளிச்சம் போகாத எடத்துல தண்ணிக்குள்ள இருந்து முளைச்சு வர்ற செடி எப்படி வரும்.

பாளையங்கோட்டையில எங்க வீட்டுக்குப் போற வழியில புது பஸ் ஸ்டாண்ட். அது இருக்குற எடத்தோட பேரு வேய்ந்தான்குளம். பேருலயே இருக்கு பார்த்துக்கோங்க.

சாயங்காலம் பனங்கிழங்கு அவிச்சாங்க. ஆச்சி நார் உரிச்சுக்கிட்டே "உன் கெழங்கு கெடைச்சுதாளா"ன்னு கேட்டா. அவளைப் பொறுத்தவரைக்கும் நான் கெழங்கு தேடத்தான் போறேன்.

நாள் 3, கூந்தன்குளம்

கெடைச்சிருச்சு!!! முதல்ல அதைச் சொல்லிட்டு மத்ததைச் சொல்றேன்.

காலையில ஆறு மணிக்கெல்லாம் கெளம்பி மூலைக்கரைப்பட்டி வழியா கூந்தன்குளம். பறவைக்காகத் தமிழ்நாடு முழுக்கத் தெரிஞ்ச ஊரு, 1994-ல சரணாலயமா அறிவிச்சாங்க, முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார்ங்கிற உலகப் பட்டியல்லயும் இருக்கு. ஆனா அறிவிப்பெல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஊர்க்காரங்க பறவையைத் தன் வீட்டுப் பிள்ளை மாதிரி வச்சிருக்காங்க, தீபாவளிக்கு வெடி போட மாட்டாங்க, குஞ்சு கீழ விழுந்தா எடுத்து வளர்ப்பாங்க. கூழைக்கடாவும் மஞ்சமூக்கு நாரையும் ஊருக்குள்ள வீட்டு மரத்துலயே கூடு கட்டி உக்காந்திருக்கு, கீழ துணி காயப்போட்டிருக்காங்க, துணி மேல எச்சம். யாரும் கண்டுக்கல. அந்த எச்சம் கலந்த தண்ணி வயலுக்கு உரம். வரித்தலை வாத்து ஒரு கூட்டம் பார்த்தோம், இமயமலையைத் தாண்டி வர்றது, தலையில ரெண்டு கருப்புக் கோடு.

இங்க நின்னுதான் எனக்கு அவ்வையார் மேல ஒரு சின்ன வருத்தம் வந்துச்சு. தண்ணி வத்தினதும் பறக்குற பறவை ஒறவே இல்லைன்னுட்டாங்க. அது என்ன பண்ணும், மீன் இல்லாத குளத்துல குஞ்சுக்கு எதை ஊட்டும். இந்தப் பறவை போனாலும் வருசா வருசம் திரும்பி வருதே, அதுவும் எங்கிருந்தோ. மெட்ராஸ்ல இருந்து பொங்கலுக்கு மட்டும் வர்ற எனக்கு இந்த விஷயத்துல கொஞ்சம் சுயநலம் உண்டுனு வச்சுக்கோங்க.

திரும்பி வரும்போது ரோட்டோரத்து ஊருணி ஒண்ணுல நெய்தல். ஊதா. பதினோரு மணி வெயில்ல நல்லா விரிஞ்சு நின்னுச்சு, இலையைத் திருப்பித் தடவிப் பார்த்தேன், வழுவழுனு. மூணுல ரெண்டு.

அதுக்கப்புறம் ஒரு வாய்க்கால் பாலம். பைக்கை நிறுத்தி டீ குடிக்கும்போது தம்பிதான் பார்த்தான், "எக்கா அங்கன பாரு". தண்ணி மேல நீளநீளமா இலை மிதக்குது, நடுவுல விரல் மொத்தத்துக்குக் கதிர் நிமிந்து நிக்குது! ஒரே கதிர்! போட்டோ எடுத்து செடி பேர் சொல்ற ஒரு ஆப்புல போட்டேன், அதுவும் முதல் பேரா அப்போனோகெட்டான்னே காட்டுச்சு. பூ கொஞ்சம் பச்சையா மங்கலா இருக்கு, பூத்து முடிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன். ஆச்சிட்ட போட்டோவைக் காட்டினேன், கண்ணாடியைப் போட்டுப் பார்த்துட்டு "பாசியைப் போயி படம் புடிச்சிட்டு வந்திருக்கா"ன்னுட்டா. பரவாயில்ல. மூணுக்கு மூணு!

நாள் 4, பாளையங்கோட்டை

நேத்து எழுதினதுல கடைசிப் பாரா வாபஸ்.

பாளையங்கோட்டையில பாட்டனி சொல்லிக்குடுத்து ரிட்டயர் ஆன ஒரு சார், அப்பாவுக்குத் தெரிஞ்சவர், அவருக்கு ராத்திரியே போட்டோ அனுப்பியிருந்தேன். காலையில ஏழு மணிக்கு போன். "அம்மா, இது பொட்டமோகெட்டான். வீட்டுக்கு வாங்க, சொல்றேன்."

போனேன். காப்பி குடுத்தாங்க, கருப்பட்டிக் காப்பி, அது குடிச்சு ரொம்ப நாளாச்சு. சார் ஒரு பழைய நியூஸ்பேப்பர் கட்டைப் பிரிச்சு ரெண்டு காஞ்ச செடியைப் பக்கத்துல பக்கத்துல வச்சார். ரெண்டும் காப்பிப்பொடி கலர், ரெண்டுலயும் நீளமான இலை, ரெண்டுலயும் கதிர். எனக்கு ஒரே மாதிரிதான் தெரிஞ்சுது. "பூவை முதல்ல பாக்காதீங்க, இலை எங்க இருந்து வருதுனு பாருங்க"ன்னார். பார்த்தா ஒண்ணுல கொடி மாதிரி நீளத் தண்டு ஓடுது, அந்தத் தண்டுல அங்கங்க இலை முளைச்சிருக்கு. இது பொட்டமோகெட்டான். இன்னொண்ணுல தண்டே கிடையாது, எல்லா இலைக்காம்பும் அடியில ஒரே எடத்துல, கெழங்கு உச்சியில இருந்து வெங்காயத்தாள் மாதிரி கெளம்பி வருது. இதுதான் கொட்டி. அப்புறம்தான் பூ. பொட்டமோகெட்டான் பூவுல நாலு நாலா இருக்கும், பச்சையா, பூன்னே தோணாது. கொட்டிக்கு இதழ் ரெண்டே ரெண்டு, மகரந்தக் கம்பி ஆறு, நடுவுல சூலறை மூணு. கலர் வெள்ளையோ லேசான ஊதாவோ ரோஸோ இருக்கும். கதிர் வெளிய வரும்போது தலையில ஒரு குல்லா போட்டுட்டு வரும், அப்புறம் அது கழண்டு விழுந்திரும்.

பேருக்கு அர்த்தமும் சொன்னார். கெட்டான்னு முடியுதே, அது கிரேக்கத்துல பக்கத்து வீட்டுக்காரன்னு அர்த்தமாம். பொட்டமோகெட்டான்னா ஆத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன். அப்போனோகெட்டான்னா இத்தாலியில அப்போனஸ்னு ஒரு வெந்நீர் ஊத்து, அதுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். நம்ம ஊர் குளத்துச் செடிக்கு இத்தாலிக்கார அட்ரஸ். அவன் ஒரு கெட்டான், இவன் ஒரு கெட்டான், ஆப்பை நம்பி ஊருக்கெல்லாம் கெடைச்சிருச்சுனு சொன்ன நான் ரெண்டுங்கெட்டான்.

மகாராஷ்டிராவுல சாத்தாரா பக்கம் பாறை மேட்டுல இதோட இன்னொரு இனம் இருக்காம், அதுக்குக் கதிர் ரெண்டா பிரியும், அது உலகத்துலயே அந்தப் பக்கம் மட்டும்தான். நம்ம கொட்டி அப்படி இல்ல, இந்தியா இலங்கைனு பல எடத்துல இருக்குற செடிதான். மீன்தொட்டிக் கடையில குண்டு குண்டா பாக்கெட்ல விப்பாங்களே, தண்ணியில போட்டா இலை விடும்னு, அதுவும் இந்தக் குடும்பம்தான். அப்புறம் ஏன் சார் மூணு நாளா என் கண்ணுல படலன்னேன்.

"நீங்க தேடுன எடம் தப்பு"ன்னார். பெரிய குளம் ஆழம், அலை, கலங்கல். டவுன் குளம் சாக்கடை, அமலை. வாய்க்கால்ல ஓட்டம். கொட்டிக்கு வேண்டியது இதுல எதுவுமே இல்ல, மழைத்தண்ணி மட்டும் வந்து நிக்கிற மானாவாரிக் குளம், முழங்காலுக்குக் கீழ தண்ணி, அடிமண் தெரியுற தெளிவு, களிமண்ணு. இலை தண்ணிக்குள்ளதான் முளைக்கும், மேல வந்து சேர்ற வரைக்கும் வெளிச்சம் வேணும். முக்கியமா அந்தக் குளம் கோடையில வத்தணும். வத்திட்டா செடி காஞ்சு போகும், கெழங்கு வெடிச்ச களிமண்ணுக்குள்ள தூங்கும், ஐப்பசி மழைக்கு முழிச்சுக்கும். வருசம் முழுக்கத் தண்ணி நின்னா சம்பும் அமலையும் வந்து மூடிரும், கொட்டிக்கு எடமில்ல. நான் இத்தனை நாளா வத்துற குளத்தைப் பார்த்தா பரிதாபம்னுதான் நெனச்சிருக்கேன், சில செடிக்கு அந்த வத்துறதே சோறுனு இப்பதான் தெரியுது.

பத்து மடங்கு பெருசா காட்டுற ஒரு லென்ஸ் குடுத்தார். திருப்பிக் குடுக்கணும்னு ரெண்டு தடவ சொன்னார். கெழங்கைத் தின்னிருக்கீங்களா சார்னு கேட்டேன். "படிச்சிருக்கேம்மா, தின்னதில்ல"ன்னு சிரிச்சார்.

நாள் 5, நாங்குநேரி தாலுகா

ஊர் பேரும் குளத்துப் பேரும் போட மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. கெழங்குனு தெரிஞ்சா நாளைக்கே நாலு பேர் மம்பட்டியோட போவாங்க.

செவக்காட்டுக்கு நடுவுல, சுத்தி உடைமரம் குடை விரிச்ச மாதிரி நிக்க, சின்னக் குளம். மானூரை வச்சுப் பார்த்தா இது ஒரு தாம்பாளம். 2023 டிசம்பர் வெள்ளத்துல கரை உடைஞ்சு மண்மூட்டை வச்சு அடைச்சிருக்காங்க, மூட்டை கிழிஞ்சு அதுலயும் புல்லு முளைச்சாச்சு. ஏழு மணிக்குப் போயிட்டோம். மடைக்கிட்ட கொஞ்சம் ஆழம், அங்க வெள்ளை ஆம்பல் இன்னும் மூடாம நிக்கி. அதுக்கு இந்தால நெய்தல் மொட்டு. அதுக்கும் இந்தால உள்வாய்ப் பக்கம், தண்ணி குறைஞ்சு கெண்டைக்கால் அளவுக்கு நிக்கிற எடத்துல, வெளிர் ஊதா கலர்ல பொட்டுப் பொட்டா என்னமோ.

இந்தத் தடவ ஓடல. செருப்பைக் கையில எடுத்துட்டு மெதுவா எறங்கினேன். தண்ணி அவ்வளவு தெளிவு, என் கால்விரல் நகப்பாலிஷ் தெரியுது. இலை ஒரு சாண் இருக்கும், மாவிலை அகலம், முனை மழுங்கல், பச்சையில செம்பு கலந்த மாதிரி ஒரு நெறம். வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் நேர்நேரா நரம்பு ஓடி, குறுக்க குட்டிக் குட்டிக் கோடு, கொசுவலை மாதிரி. சார் சொன்னது ஞாபகம் வந்து பூவை விட்டுட்டு ஒரு இலைக்காம்பைப் புடிச்சேன், ரெண்டு விரலுக்கு நடுவுல விட்டு அப்படியே கீழ எறக்கிட்டே போனேன், நூல் மாதிரி இருக்கு, பிஞ்சிருமோனு பயம், முழங்கை வரைக்கும் தண்ணிக்குள்ள போயாச்சு, சகதி தட்டுச்சு. விரல் அங்க ஒரு எடத்துல முட்டுச்சு. அடுத்த இலைக்காம்பைப் புடிச்சு எறங்கினேன், அதே எடம். மூணாவது, அதே எடம். பூக்காம்பு, அதுவும் அதே எடம்.

அந்தால அப்படியே தண்ணியில உக்காந்துட்டேன். சுடிதார் போச்சு.

கதிர் என் சுண்டுவிரல் நீளம். சுத்தி மூக்குத்தி அளவுக்குப் பூ. லென்ஸை வச்சா என் மூச்சு பட்டு பட்டு மங்குது, மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் பார்த்தேன். இதழ் ரெண்டு. முயல் காது மாதிரி. மகரந்தக் கம்பி எண்ணினா அஞ்சு வருது, திரும்ப எண்ணினேன் அஞ்சு, பயந்துட்டேன், வேற பூவுல எண்ணினேன் ஆறு, அதுக்கடுத்ததுல ஆறு, முதல் பூவுல ஒண்ணு ஒடிஞ்சிருந்திருக்கு. நடுவுல மூணு குட்டிச் சொம்பு. ஒரு கதிருக்கு உச்சியில குல்லா இன்னும் தொங்கிட்டு இருந்துச்சு, தொட்டதும் விழுந்துருச்சு. ஒரு கொசுத்தேனீ கதிரைச் சுத்திச் சுத்திக் கீழ இருந்து மேல ஏறிட்டு இருந்துச்சு, என்னை மதிக்கல.

பக்கத்துலயே தண்ணிக்குள்ள பஞ்சு மாதிரி ஒரு செடி, மேல மஞ்சப் பூ, அது பூச்சி புடிக்கிற செடி, இலையில குட்டிக் குட்டிப் பை இருக்கும், தண்ணிப்பூச்சி முட்டினா பை டக்குனு உறிஞ்சிக்கும். வேற நாளா இருந்தா அதைப் பத்தியே ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

அப்ப ஒரு அண்ணாச்சி எருமை பத்திட்டு வந்தாரு. பொம்பளப்பிள்ளை ஒண்ணு குளத்துக்குள்ள உக்காந்து பூதக்கண்ணாடி வச்சுப் பாக்குறதைப் பார்த்துட்டுக் கொஞ்ச நேரம் கரையிலயே நின்னாரு. அப்புறம் தம்பிட்ட, "என்னத்தலே தேடுதிய, எதுவும் விழுந்துட்டா?"

தம்பி, "இல்ல அண்ணாச்சி, பூ பாக்காவ."

"பூவா? இது பாசில்லா."

அவருக்கு ஆம்பல் தவிர குளத்துல உள்ள எல்லாமே பாசிதான், ஆச்சிக்கு மாதிரியே. ஆனா குளத்தைப் பத்தி அவர் சொன்னதுதான் எனக்கு வேண்டியிருந்துச்சு. இந்தக் குளம் பங்குனிக்கெல்லாம் வத்திருமாம், அதனால மீன்பாசி குத்தகைக்கு எவனும் வர மாட்டானாம். "பக்கத்து ஊரு பெரிய குளத்துல புல்லுக்கெண்டை விட்டாவ, ஒரு வருசத்துல தண்ணியில ஒரு இலை இல்ல, எல்லாத்தையும் மேஞ்சு போட்டுட்டு. இது நம்ம எருமைக்குன்னே கெடக்கு." புல்லுக்கெண்டை பேருக்கேத்த மாதிரி தண்ணிச்செடியைத்தான் திங்கும். லாபமில்லாத குளம்னு யாரும் எட்டிப் பாக்காததாலதான் மூணு பூவும் இங்க ஒண்ணா நிக்கி போல.

கரம்பை, அதான் குளத்து வண்டல் மண்ணு, அள்ளுவாங்களானு கேட்டேன். போன கோடையில கிழக்கு ஓரம் மட்டும் பொக்லைன் வந்துச்சாம். போயி பார்த்தேன், அந்தப் பக்கம் தண்ணி இடுப்புக்கு மேல நிக்கும்போல, ஒரு கொட்டி இல்ல. விவசாயத்துக்குக் கரம்பை வேணும், குளமும் தூர் வாரணும், நான் அதுக்கு எதிரி கிடையாது, எங்க தாத்தாவே வண்டி வண்டியா அடிச்சவருதான். மாட்டு வண்டி காலத்துல மேல் மண்ணைச் சுரண்டினாங்க, இப்ப ஒரே நாள்ல ஆள் உயரம் தோண்டுது, கெழங்கும் லாரி ஏறிப் போயிருது. குளத்துல ஒரு மூலையை, ஆழமில்லாத உள்வாயில ஒரு கால் பங்கை மட்டும் தொடாம விட்டாலே போதும்னு தோணுது. யார்ட்ட சொல்லனு தெரியல, இங்க எழுதி வைக்கிறேன்.

எருமைங்க எறங்கி நடந்ததுல ஒரு செடி வேரோட கெளம்பி மிதந்து வந்துச்சு. அண்ணாச்சியே எடுத்து, "இந்தா தாயி, இதுக்குத்தான இவ்வளவு பாடு"ன்னு குடுத்தாரு. அடியில சின்ன வெங்காயம் அளவுக்கு உருண்டை, கருப்புத் தோலு, சுத்தி முடி மாதிரி வேர். நான் ஒண்ணையும் புடுங்கல, அதையும் சொல்லிக்கிறேன், எருமை புடுங்கினது.

நாள் 6, வீடு

ராத்திரி வரும்போது ஆச்சி தூங்கிட்டா. ஈரத்துணியில சுத்தி வச்சிருந்து காலையில குடுத்தேன். முதல்ல இலையைப் பார்த்து மூஞ்சியைச் சுளிச்சா. அப்புறம் கெழங்கு கையில பட்டுச்சு. கண்ணாடியெல்லாம் போடல. பெருவிரல் நகத்தால லேசா கீறினா, உள்ள வெள்ளையா தெரிஞ்சுது, மூக்குக்கிட்ட கொண்டு போனா.

"ஏளா. இது கொட்டில்லா."

அதைத்தான ஆச்சி ஆறு நாளா தேடுறேன்னு சொன்னா காதுல வாங்கல, திட்ட ஆரம்பிச்சுட்டா. "இப்ப எதுக்குளா புடுங்குனிய? இன்னும் மாவு புடிக்கலையே, பங்குனியில எடுத்தால்லா நெய்க்கெழங்கு கணக்கா இருக்கும், அறிவிருக்கா?" எருமை மேல பழியைப் போட்டேன். நம்பல.

அப்புறம்தான் போனை எடுத்து நேத்து எடுத்த போட்டோவை வரிசையா காட்டினேன், இது மேல உள்ள இலை, இது இதோட பூ, இது அடியில உன் கையில இருக்குறதுனு. ஆச்சி போனையும் கையில உள்ள செடியையும் மாத்தி மாத்திப் பார்த்தா. இலைக்காம்பை ஒண்ணொண்ணா விரல்ல சுத்திப் பார்த்தா.

"இது அந்தப் பாசில்லா. மார்கழியில குளிக்கப் போனா கால்ல சுத்தும். சனியன் சனியன்னு வஞ்சுக்கிட்டே பிச்சுப் பிச்சு எறிவோம்." கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "அதுவாளா இது?"

மார்கழியில பிச்சு எறிஞ்சதையேதான் பங்குனியில தேடித் தோண்டியிருக்காங்க. அக்கா மக பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்தா, "ஆச்சி, இப்ப மூதுரை சொல்லவா"ன்னா, ஆச்சி "போ அங்கிட்டு"ன்னுட்டா.

மத்தியானம் பார்த்தா பின்கட்டுல ஒடைஞ்ச கல்தொட்டியில களிமண்ணு கொட்டி, தண்ணி ஊத்தி, கெழங்கை நட்டு வச்சிருக்கா, யாரையும் கேக்கல. இலை நாலு மேல மிதக்குது, ஒடிஞ்ச கதிரையும் பக்கத்துல சொருகி வச்சிருக்கா, அது பொழைக்காது, சொன்னா கேக்க மாட்டா. கோடையில தண்ணி ஊத்தாதீங்க, காயவிடணும்னு அம்மாட்ட சொல்லியிருக்கேன். அம்மாவுக்கு அதில்ல பிரச்சனை, தண்ணி நின்னா கொசு வரும்னு காலையில இருந்து சத்தம்.

ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ். லென்ஸை சார் வீட்டுல குடுத்துட்டுப் போகணும். கொசுவுக்கு ரெண்டு குஞ்சு மீன் புடிச்சு விடுறேன்னு தம்பி வாய்க்காலுக்குப் போயிருக்கான், என்ன மீனும் புடி, கெண்டை மட்டும் வேண்டாம்லேனு சொல்லி அனுப்பியிருக்கேன்.